பிள்ளை கூட்டுறதா, தத்தெடுக்கிறதா? அமெரிக்காவுல இருந்து வர்ற தங்கச்சிக்கு என்ன சொல்ல?

10-03-2024, ராத்திரி

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். எங்க தங்கச்சியும் மாப்பிள்ளையும் நியூஜெர்சியில இருக்காக, 16 வருஷம் ஆச்சு. ரெண்டு பேருமே அமெரிக்க சிட்டிசன், ஓசிஐ கார்டு (வெளிநாட்டு சிட்டிசனான இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்கறது) இருக்கு. பிள்ளை இல்ல. பாக்க வேண்டிய வைத்தியமெல்லாம் பாத்து ஓஞ்சு, இப்ப இந்தியா வந்து ஒரு பிள்ளைய தத்தெடுக்கப் போறோம்னு சொல்லிட்டாக. அதுவும் சொந்தத்துல இல்ல, காரா (மத்திய அரசோட தத்தெடுப்பு ஆணையம்) வழியா, எந்த ஊர்ப் பிள்ளை யார் பெத்ததுன்னு ஒண்ணும் தெரியாம. கோட்டையூர்ல எங்க வீட்டுல அன்னைக்கு அடுப்பு பத்த வைக்கல.

மாப்பிள்ளையோட பங்காளி ஒருத்தருக்கு ரெண்டு ஆம்பளப் பிள்ளைக. சின்னவனுக்கு 11 வயசு, குடுக்க மனசா இருக்காரு. ஒரே கோவில், அதாவது ஒரே குலம். நம்ம வழக்கப்படி மஞ்சத்தண்ணி குடுத்துக் கூட்டி (பங்காளி வீட்டுப் பிள்ளைய சுவீகாரம் எடுக்கறதத்தான் பிள்ளை கூட்டுறதுன்னு சொல்லுவோம்), பத்திரத்த ரிஜிஸ்தர் பண்ணி, டிக்கெட்டப் போட்டு கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே? நகரத்தார்ல பிள்ளை கூட்டாத வளவு (வீடு) உண்டா? கவிஞர் கண்ணதாசனே சிறுகூடல்பட்டியில பொறந்து சுவீகாரம் வந்தவர்தான். இவ்வளவு லேசான வழி இருக்கறப்ப எதுக்கு வருஷக்கணக்குல காத்துக் கிடக்கணும்? அப்படி கூட்டி அமெரிக்கா கூட்டிட்டுப் போனவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, தங்கச்சிகிட்ட காட்டணும்.

11-03-2024

நான் நேத்து எழுதுனது தப்பு. முழுசா தப்பு இல்ல, முக்கால்வாசி தப்பு.

இன்னைக்கு காரைக்குடியில ஒரு வக்கீலப் பாத்தேன், நம்ம பாத்திரக் கடைக்கு வாடிக்கை. 1956 இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பிள்ளை கூட்டுனா அது செல்லும், சந்தேகமே இல்ல. பிள்ளைக்கு 15 வயசு முடிஞ்சிருக்கக் கூடாது (சாதி வழக்கம் இருந்தா அதுக்கு மேலயும் ஆகும்), ஆம்பளப் பிள்ளைய கூட்டுறதா இருந்தா கூட்டுறவங்களுக்கு ஏற்கனவே மகனோ மகன் வழிப் பேரனோ இருக்கக் கூடாது, கையில எடுத்துக் குடுத்து வாங்கிக்கிடணும். எல்லாம் சரி. ஆனா அது கோட்டையூர்ல இருந்து பள்ளத்தூருக்குப் போற பிள்ளைக்கு. கடல் தாண்டணும்னா கதை வேற.

ஒரு நாட்டுப் பிள்ளைய இன்னொரு நாட்டுல தத்தெடுக்கறதப் பத்தி நாடுக சேந்து போட்ட ஹேக் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்காம், 1993ல எழுதுனது. இந்தியா 2003ல சேந்துச்சு, அமெரிக்காவுல 2008 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு. ரெண்டு நாடும் அதுல இருக்கறதால, அங்க குடியிருக்கறவங்க இங்க உள்ள பிள்ளைய எடுக்கணும்னா, சொந்தக்காரப் பிள்ளையா இருந்தாலும், ரெண்டு நாட்டு அதிகாரிகளும் முன்னாடியே தலையாட்டி இருக்கணும். பத்திரத்த மட்டும் கையில வச்சுக்கிட்டு விசா கேட்டா கிடைக்காது. காரா தடையில்லாச் சான்று வேணும். இல்லாட்டி தங்கச்சி வேலைய விட்டுட்டு இங்க வந்து அந்தப் பையனோட ரெண்டு வருஷம் குடியிருக்கணும், அப்புறம் வேற வகையில விசா கேக்கலாம்.

அதான். "லேசான வழி"ன்னு எழுதுனத வாபஸ் வாங்கிக்கறேன். தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லல, சிரிப்பா.

11-03-2024, கொஞ்ச நேரம் கழிச்சு

அவ ஏற்கனவே இதெல்லாம் படிச்சு முடிச்சிட்டாளாம். "அண்ணே, நீங்க சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். அதுக்காக இல்ல. அந்தப் பையனுக்கு அப்பச்சி ஆத்தா இருக்காக. அவனுக்கு நாங்க எதுக்கு?"ன்னு கேட்டா. (அப்பா அம்மாவ நாங்க அப்பச்சி ஆத்தான்னு சொல்லுவோம்.) பதில் சொல்லத் தெரியாம டவர் இல்லன்னு போனை வச்சிட்டேன்.

17-03-2024

அவ கேட்டது ஒரு வாரமா மண்டைக்குள்ள சுத்துது. நான் யாருன்னு சொல்லாமலே எழுதிக்கிட்டு இருக்கேன், சொல்லிடறேன். நானே கூட்டி வந்த பிள்ளைதான்.

பொறந்தது கண்டனூர். வீட்டுக்கு மூணாவது பையன். 1984ல எனக்கு 9 வயசு, கோட்டையூர் பங்காளி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாக. இப்ப பேசறேனே தங்கச்சி, அவ அப்ப கண்டனூர் வீட்டுல தவழ்ந்துக்கிட்டு இருந்தா. ஒரே வீட்டுல நானும் அவளும் வளரவே இல்ல. சட்டப்படி பாத்தா அவ எனக்குத் தங்கச்சியும் இல்ல, பங்காளி வீட்டுப் பொண்ணு, அவ்வளவுதான்.

அன்னைக்கு என்ன ஞாபகம் இருக்குன்னா, வெள்ளி டம்ளர்ல மஞ்சத்தண்ணி. கசக்கும்னு நெனச்சேன், கசக்கல. அப்புறம் அடுத்த நாள் பள்ளிக்கூடத்துல நோட்டு லேபிள்ல விலாசத்த மாத்துனது. (வெளியூர்க்காரங்களுக்கு: நாங்க இனிஷியல விலாசம்னு சொல்லுவோம். எனக்கு முன்னாடி மூணு எழுத்து, வந்தப்புறம் நாலு எழுத்து.) ஏழு நோட்டுலயும் கூட்டுன அப்பச்சியே உக்காந்து பழைய லேபிள் மேல புது லேபிள் ஒட்டுனாக. வெளிச்சத்துல பிடிச்சா அடியில பழைய எழுத்து தெரியும். நான் தினம் பிடிச்சுப் பாப்பேன்.

எனக்கு ஒரு குறையும் வைக்கல. சத்தியமா. ஆனா வீட்டுக்கு ஒரு பிள்ளை வேணும், கோவில்ல ஒரு புள்ளி (கோவில் கணக்குல ஒரு குடும்பம்) நிக்கணும், கொள்ளி வைக்க ஆள் வேணும், அதுக்குத்தான் என்னைக் கூட்டுனாக. என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. கண்டனூர் அப்பச்சி 2009ல தவறுனாக, நான் மகன் வரிசையில நிக்கல, பங்காளிகளோட நின்னேன். கூட நின்ன ஒருத்தர் "உங்களுக்கு அவுக என்ன முறை?"ன்னு கேட்டாரு, வெளியூர் ஆளு, தெரியாது பாவம்.

இன்னொண்ணு, வக்கீல் சொல்லித்தான் தெரிஞ்சுது. நான் மஞ்சத்தண்ணி குடிச்ச அதே 1984லதான் சுப்ரீம் கோர்ட்டுல லட்சுமிகாந்த் பாண்டே வழக்குல தீர்ப்பு. இந்தியப் பிள்ளைகள வெளிநாட்டுக்குக் குடுக்கறதுல நடந்த தில்லுமுல்லப் பத்தி ஒரு வக்கீல் கோர்ட்டுக்கு லெட்டர் போட்டிருக்காரு, அதையே வழக்கா எடுத்து, வெளிநாட்டுத் தத்துக்கு முறை எழுதிக் குடுத்திருக்காங்க. காரா 1990ல வந்ததுக்கு வேரே அதுதானாம்.

02-06-2024

நிலவரம். அங்க ஹோம் ஸ்டடின்னு ஒண்ணு நடக்குது. ஒரு அம்மா வீட்டுக்கு வந்து பிரிட்ஜைத் திறந்து பாக்கறது வரைக்கும் பாக்கறாங்களாம். சம்பளம், உடம்பு, போலீஸ் ரெக்கார்டு, ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா எப்படி தீத்துக்கறீங்கன்னு கேட்டிருக்காங்க. மாப்பிள்ளை "நான் பேசமாட்டேன், ரெண்டு நாள்ல அவளே பேசுவா"ன்னு உண்மையைச் சொல்லிட்டாரு.

தெரிஞ்சவங்க கடிதம் வேணும்னு எங்கிட்டயும் கேட்டாக. ஒரு பக்கம் எழுதுனேன், நல்ல இங்கிலீஷ்ல, பையன் திருத்திக் குடுத்தான். கடைசியில "உறவு முறை"ன்னு ஒரு கட்டம். பிரதர்னு போட்டா என் சர்ட்டிபிகேட்டுல அப்பா பேரு வேற, அவ அப்பா பேரு வேற. கசின்னு போடவா? அரை மணி நேரம் அந்தக் கட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். கசின்னு போட்டு அனுப்பிட்டேன். அவ அதைப் பாத்துட்டு எதுவும் சொல்லல.

மாப்பிள்ளை விலாசத்தாலயும் ஒரு கூத்து. அவருக்கு பேருக்கு முன்னாடி நாலு எழுத்து, அமெரிக்க பாஸ்போர்ட்டுல அதுல ஒண்ணை விரிச்சு குடும்பப் பேரா போட்டிருக்கு, இங்க கல்யாணச் சர்ட்டிபிகேட்டுல சுருக்கி இருக்கு. ரெண்டும் ஒரே ஆள்தான்னு ஒரு அபிடவிட்டு. அதுல நோட்டரி ஒரு எழுத்த விட்டுட்டாரு. திரும்ப ஒரு அபிடவிட்டு. நம்ம பாட்டன்மார் பர்மாவுல மலாயாவுல கடை வச்சப்ப விலாசத்தை வச்சுத்தான் நம்பி பணம் குடுத்தாகளாம், இப்ப அதே விலாசத்தை வச்சு ஆளே இல்லன்னு சொல்றாங்க.

03-06-2024

வயசு வரம்பு கேட்டவருக்கு: காராவோட 2022 தத்தெடுப்பு விதிப்படி தம்பதி ரெண்டு பேர் வயசையும் கூட்டிப் பாக்கணும். 2 வயசுக்குள்ள பிள்ளைன்னா 85க்குள்ள, 2ல இருந்து 4ன்னா 90, 4ல இருந்து 8ன்னா 100, அதுக்கு மேல 110. இவுக 41ம் 46ம், மொத்தம் 87. கைப்பிள்ளை கிடையாதுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. அப்புறம் தனியா இருக்கற ஆம்பளைக்கு பொம்பளப் பிள்ளைய குடுக்க மாட்டாங்க. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கணும்.

08-09-2024

சின்னதா ஒண்ணு. சீனா இந்த வாரம் வெளிநாட்டுக்குப் பிள்ளை குடுக்கறத நிறுத்திட்டதா அறிவிச்சிருச்சு, சொந்தக்காரங்க எடுக்கறத தவிர. தங்கச்சி கூட வேலை பாக்கற ஒரு வெள்ளைக்காரம்மா நாலு வருஷத்துக்கு மேல காத்திருந்தாங்களாம், பிள்ளையோட போட்டோ பிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்காம். இவ அங்க போய் உக்காந்துட்டு வந்து எனக்குப் போன் போட்டு அழுதா. நான் கடையில எவர்சில்வர் அண்டா எடை போட்டுக்கிட்டு இருந்தேன், எடையை விட்டுட்டேன், வாங்க வந்தவர் கோவிச்சுக்கிட்டு போயிட்டாரு. போகட்டும்.

12-01-2025

வந்திருச்சு!!

மகாராஷ்டிராவுல ஒரு இல்லம். பொம்பளப் பிள்ளை, 6 வயசு. ரெபரல்னு சொல்றாங்க, போட்டோவும் ஒரு உடம்பு ரிப்போர்ட்டும் பிள்ளையப் பத்தி எழுதுன ரிப்போர்ட்டும் வரும். அங்க ராத்திரி 2 மணி, தூங்காம ரெண்டு பேரும் ஒரு குழந்தை டாக்டரை எழுப்பி ரிப்போர்ட்டக் காட்டியிருக்காக. பிள்ளை பேர இங்க போடமாட்டேன், கேக்காதீங்க.

ஒரு விஷயம் என்னை உலுக்கிருச்சு. அஞ்சு வயசுக்கு மேல இருந்தா பிள்ளையோட சம்மதத்தையும் கேக்கணுமாம். சட்டமே அப்படி. ஆறு வயசுப் பிள்ளைகிட்ட உக்காந்து போட்டோவக் காட்டி, இவங்களோட போறியான்னு கேக்கணும்.

9 வயசுல என்னை யாரும் கேக்கல. அதைத்தான் மேலயும் எழுதியிருக்கேன். ராத்திரி கூட்டுன ஆத்தாகிட்டயே கேட்டுட்டேன், ஏன் கேக்கலன்னு. அவுகளுக்கு 80 வயசு, காது கொஞ்சம் மந்தம். "சாப்டாச்சு சாப்டாச்சு"ன்னாக.

16-01-2025, மாட்டுப் பொங்கல் முடிஞ்சு

திருத்தம். எழுதவே வெக்கமா இருக்கு.

கண்டனூர் போயிருந்தேன், பெத்த ஆத்தாவப் பாக்க. முகப்புல உக்காந்து கரும்ப நறுக்கிக்கிட்டு இருந்தாக. பேச்சுவாக்குல, அந்தப் பிள்ளைகிட்ட சம்மதம் கேப்பாகளாம், எங்கிட்டத்தான் நீங்க யாரும் கேக்கலன்னு சொன்னேன். விளையாட்டா சொல்ற மாதிரிதான் சொன்னேன். கத்தி நின்னுருச்சு.

"கேட்டோம்டா. உங்க அப்பச்சி உன்னை மடியில வச்சுக்கிட்டு கேட்டாக. கோட்டையூர் போறியா ராசான்னு. நீதான் அங்க சைக்கிள் வாங்கித் தருவாகளான்னு கேட்ட. தருவாகன்னாக. சரி போறேன்னுட்ட. அப்பச்சி அன்னைக்கு ராத்திரி சாப்பிடல."

ஒரு சைக்கிளுக்கு விலை போனவன்தான் நான்! நாப்பது வருஷமா என்னைக் கேக்கலன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். சைக்கிள் ஞாபகம் இருக்கு, அரை வண்டி, பச்சைக் கலர், குரங்கு பெடல் போட்டு ஓட்டுனேன். அதைக் கேட்டு வாங்குனது சுத்தமா ஞாபகம் இல்ல.

கவிஞர் சுவீகாரம் போனது 7000 ரூபாய்க்குன்னு சொல்லுவாக. என் மார்க்கெட்டு அவ்வளவுதான், ஹாஹா.

17-01-2025

நேத்து வீட்டுக்கு வந்து சிரிச்சுக்கிட்டே கூட்டுன ஆத்தாகிட்ட சத்தமா சொன்னேன், நான் சைக்கிளுக்கு வந்தவனாமேன்னு. இந்த தடவை நல்லா காது கேட்டுச்சு. "ஆமா, வாங்கிக் குடுத்த மூணாம் நாளே சைக்கிளையும் காணோம் உன்னையும் காணோம். பொழுது சாயற நேரத்துல கண்டனூர்ல இருந்து ஆள் போட்டு கொண்டாந்து விட்டாக. அதுக்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் நானேதான் டயருக்குக் காத்து அடிச்சு வைக்கச் சொல்லுவேன், எப்படியும் போவன்னு தெரியும்ல."

சரி. இதுக்கு மேல நான் இதைப் பத்தி எழுதல.

23-03-2025

தத்தெடுக்கற வேலை எந்த வரிசையில நடக்கும்னு கேட்டு ரெண்டு பேர் எழுதியிருந்தீங்க. தங்கச்சி சொல்லச் சொல்ல எழுதறேன், தப்பிருந்தா அவளைத் திட்டுங்க. மொதல்ல அமெரிக்காவுல ஹோம் ஸ்டடி, அதை வச்சு ஐ-800ஏங்கற மனு, நீங்க பிள்ளை எடுக்கத் தகுதியான ஆளுகன்னு அந்த அரசாங்கம் சொல்றது. அப்புறம் அங்க உள்ள அங்கீகாரம் பெத்த ஏஜென்சி மூலமா காராவுல பதிவு. ரெபரல் வந்து கையெழுத்துப் போட்டு ஏத்துக்கிட்டப்புறம் ஐ-800, இது அந்தப் பிள்ளைக்குன்னு தனியா. டில்லி அமெரிக்கத் தூதரகத்துல இருந்து ஆர்டிக்கிள் 5 கடிதம், ஹேக் ஒப்பந்தப்படி மேல போகலாம்னு அமெரிக்கா சொல்றது. அது வந்தாத்தான் காரா தடையில்லாச் சான்று. அதுக்கப்புறம்தான் மாவட்ட கலெக்டர் உத்தரவு. முன்ன கோர்ட்டுல நடந்தது, 2022 செப்டம்பர்ல இருந்து கலெக்டர்கிட்ட வந்திருச்சு. உத்தரவு வந்தப்புறம் பிறப்புச் சர்ட்டிபிகேட், பாஸ்போர்ட், எல்லாம் ஹேக் ஒப்பந்தப்படி நடந்துச்சுன்னு காரா குடுக்கற ஒத்திசைவுச் சான்று, கடைசியா டில்லியில மெடிக்கல், விசா.

வரிசைய மாத்துனா, அதாவது தெரிஞ்ச ஆள் இருக்காருன்னு மொதல்ல இங்க உத்தரவ வாங்கிட்டு அப்புறம் அங்க கேட்டா, மாட்டிக்கிடும். பிள்ளை இந்தியாவுல, பெத்தவங்க... அதாவது எடுத்தவங்க அமெரிக்காவுல.

பணம்: வெளிநாட்டுல இருந்து எடுக்கறவங்க இங்க இல்லத்துக்குக் குடுக்க வேண்டியது 5000 டாலர். இங்க உள்ளவங்கன்னா ஹோம் ஸ்டடிக்கு 6000 ரூபாய், பிள்ளை பராமரிப்புக்கு 50,000. ரசீது உண்டு. ரசீது இல்லாம யாராச்சும் கேட்டா குடுக்காதீங்க. அமெரிக்க ஏஜென்சி பீசும் டிக்கெட்டும் தனி, அதைச் சொன்னா மாப்பிள்ளைக்கு நெஞ்சு வலிக்கும்.

27-07-2025

போயிட்டு வந்தாச்சு. நானும் போனேன். விடியக்காலை பல்லவன்ல மெட்ராசுக்கு, அங்க இவுகளோட சேந்து பிளைட். கலெக்டர் உத்தரவு கையில இருக்கு. ஒரு ஆபீசுல மாப்பிள்ளை விலாசத்த வச்சு திரும்பவும் ஒரு அரை நாள் போச்சு, எந்த ஆபீசுன்னு சொல்லல.

இல்லத்துல ஒரு நீள ஹால், ஒரே வரிசையில கட்டில். பிள்ளை நல்லா எண்ணெய் வச்சு ரெட்டைச் சடை போட்டு, ரிப்பன் காதை இழுக்கற அளவுக்கு இறுக்கிக் கட்டி, ஒரு பிளாஸ்டிக் பையோட நின்னுச்சு. தங்கச்சி முட்டி போட்டு உக்காந்தா. ஆறு மாசமா வீடியோ கால்ல பாத்த முகம்தான், ஆனாலும் ரெண்டு பேருக்கும் கை எங்க வைக்கறதுன்னு தெரியல. பிள்ளை மொதல்ல என்னையத்தான் கூப்பிட்டுச்சு, "மாமா"ன்னு. மராட்டியிலயும் தாய்மாமனுக்கு மாமாதானாம். கட்டத்துல கசின்னு எழுதுனவன் நான்.

சம்மதம் கேட்டப்ப பிள்ளை என்ன சொல்லுச்சுன்னு அங்க உள்ள அம்மாகிட்ட கேட்டேன் (எனக்கு வேற என்ன கேக்கத் தோணும்). ரொம்ப நேரம் போட்டோவப் பாத்துட்டு, "அங்க ரூம்ல எத்தனை பேர் படுப்பாங்க?"ன்னு கேட்டுச்சாம். அதுக்கு தங்கச்சி வீடியோவுல ஊதா பெயிண்ட் அடிச்ச ரூமைக் காட்டி, உனக்கே உனக்கு, நீ மட்டும்தான்னு ஆசையா சொல்லியிருக்கா. பிள்ளை ஒண்ணும் சொல்லல. அப்புறம் தலையாட்டுச்சாம்.

06-08-2025

கோட்டையூர் வீட்டுல பத்து நாளா இருக்காக, பாஸ்போர்ட்டுக்காக. மாப்பிள்ளை லீவு முடிஞ்சு போயிட்டாரு, தங்கச்சியும் பிள்ளையும்தான்.

சிரிச்சு வயித்து வலி. மராட்டியில அம்மாவுக்கு "ஆயீ". பிள்ளை தங்கச்சியப் பாத்து ஆயீ ஆயீன்னு கூப்பிட, வளவுல உள்ள ஆச்சிமாரெல்லாம் பதறிக்கிட்டு பிள்ளையத் தூக்கிட்டு பாத்ரூமுக்கு ஓடறாக. மூணு தடவை. மூணாவது தடவை பிள்ளை ஓங்கி அழுதுருச்சு, பாவம், அம்மாவக் கூப்பிட்டா கக்கூஸ்ல கொண்டுபோய் வச்சா என்ன செய்யும். பாட்டிக்கு "ஆஜீ". அது எங்க ஆத்தா காதுக்கு ஆச்சின்னு விழுந்து, "பாத்தியா, வந்த அன்னைக்கே ஆச்சின்னு சொல்லுது, எந்த ஜென்மத்து வாசனையோ"ன்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டாக. நான் திருத்தல.

எது குடுத்தாலும் மொதல்ல "நகோ", வேணாம்னு அர்த்தம். வெள்ளைப் பணியாரத்துக்கு நகோ. கந்தரப்பத்துக்கு நகோ. கும்மாயத்துக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டு நகோ. யாரும் பாக்காதப்ப சீப்புச் சீடை டின்னு மட்டும் பாதி காலி.

பக்கத்து வளவுல இருந்து ஒரு ஆச்சி வந்து, சுத்தி வளைச்சு, "பிள்ளை என்ன ஆளுக?"ன்னு கேட்டாக. வரும்னு தெரியும், நான் வாயைத் திறக்கறதுக்குள்ள எங்க ஆத்தா, "எங்க வீட்டு ஆளுதான். காப்பிக்கு சீனி போடவா வேணாமா?"ன்னாக. போன வருஷம் அடுப்பு பத்த வைக்காதது இவுகதான், இதையும் சொல்லணும்.

11-08-2025

ராத்திரி தூங்க மாட்டேங்குது. மொதல்ல ஏசி ரூம்ல ரெண்டு பேரையும் படுக்க வச்சோம். தங்கச்சி கண்ணயர்ந்ததும் பிள்ளை எந்திரிச்சு வந்துரும், ஒவ்வொரு கதவாத் தள்ளிப் பாக்கும். செட்டிநாட்டு வீடு தெரியும்ல, எங்க பங்குலயே ரெண்டு கட்டும் சேத்து 18 அறை, முக்காவாசி பூட்டிக் கிடக்கு, புழங்கறது மூணுதான். இருட்டுல ஒரு சின்னக் கை பூட்டை ஆட்டற சத்தம் கேட்டா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

நேத்து ராத்திரி பன்னெண்டு மணிக்கு சரசரன்னு சத்தம். வந்து பாத்தா, கல்யாணத்துக்கு வாங்கி அடுக்கி வச்ச கோரைப்பாய்க் கட்டை அவுத்து, ஒவ்வொண்ணா இழுத்துக்கிட்டு வந்து, வளவுத் தாழ்வாரத்துல விரிச்சுக்கிட்டு இருக்கு. பாய் அது உசரத்துக்கு ஒண்ணரை மடங்கு. ஓரத்த ஓரத்தோட சேத்து, ஆத்தங்குடிக் கல்லு கோட்டுக்கு நேரா, ஒரு பாய்க்கும் அடுத்த பாய்க்கும் கையால சாண் அளந்து இடம் விட்டு. ஏழு பாய். ஒவ்வொண்ணா கை காட்டுச்சு, ஆயீ, ஆஜீ, மாமா, எங்க வீட்டுக்காரி, பையன், அது. ஏழாவது யாருக்குன்னு கேட்டேன். ஒரு பேர் சொல்லுச்சு. தங்கச்சிகிட்ட கேட்டா, இல்லத்துல பக்கத்துக் கட்டில்ல படுத்த பிள்ளை பேராம்.

எங்க ஆத்தாவுக்கு முட்டி மடங்காது, அவுகளும் சுவத்தப் பிடிச்சு உக்காந்து படுத்தாக. ஏழாவது பாய் சும்மா கிடந்துச்சு. காலையில ஆறரை வரைக்கும் பிள்ளை அசையல.

12-08-2025

"அந்த இன்னொரு பிள்ளையையும் எடுத்துரலாம்ல"ன்னு எழுதுனவருக்கு: கடையில பாத்திரம் எடுக்கற மாதிரி இல்லீங்க. அந்தப் பிள்ளைக்கு வேற குடும்பம் பாத்தாச்சு. தங்கச்சி ரெண்டு பிள்ளையும் போன்ல பேசிக்கிட முடியுமான்னு இல்லத்துல கேட்டிருக்கா. பாப்போம்னு சொல்லியிருக்காங்க.

14-09-2025

டில்லியில விசா முடிஞ்சு கெளம்பிட்டாக. ஐஎச்-3 விசா, தத்து இங்கயே முடிஞ்ச பிள்ளைக்குக் குடுக்கறது. அமெரிக்காவுல கால் வச்ச அன்னைக்கே பிள்ளை சிட்டிசன், 2000ல போட்ட சட்டம். இனி மொத வருஷம் மூணு மாசத்துக்கு ஒரு ரிப்போர்ட், ரெண்டாவது வருஷம் ஆறு மாசத்துக்கு ஒண்ணு, மொத்தம் ஆறு ரிப்போர்ட் இங்க அனுப்பணும்.

டில்லிக்கு ஏத்தி விட மதுரை ஏர்போர்ட்டுக்கு ரெண்டு ஆத்தாமாரும் வந்தாக, கண்டனூரும் கோட்டையூரும் ஒரே கார்ல. என் கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணா கார்ல ஏறுனது இதுதான். கண்டனூர் ஆத்தா பிள்ளை கையில நூறு ரூபாயைத் திணிச்சாக. நகோன்னு சொல்லிட்டு வாங்கிக்கிடுச்சு.

02-11-2025

பாய் அனுப்பணும், அதுக்குத்தான் திரும்ப இங்க வந்தேன். ஊதா ரூம்ல இப்ப மாப்பிள்ளையோட ஆபீஸ் மேசை கிடக்காம். மூணு பேரும் ஹால்ல தரையில படுக்கறாக, கார்ப்பெட் மேல பெட்ஷீட்டு, அவருக்கு இடுப்பு பிடிச்சு கிடக்கு. பிள்ளை கோட்டையூர்ப் பாய்தான் வேணும்னு பிடிவாதம். இப்ப தமிழும் இங்கிலீஷும் மராட்டியும் கலந்து ஒரு பாஷை பேசுது, ஆனா பாய்க்கு பாய்தான்.

அமெரிக்காவுக்கு தபால்ல பார்சல் ஆகஸ்டு கடைசியில நிறுத்தியிருந்தாங்க, போன மாசம் நடுவுல திரும்ப ஆரம்பிச்சாச்சு. ஆனா பாயைச் சுருட்டுனா நீளம் ஒத்துக்கிடுமான்னு சந்தேகம். மடிச்சா கோரை ஒடிஞ்சு போகும். கூரியர்ல ஒருத்தர் கேட்ட காசுக்கு ஏழு கட்டில் வாங்கலாம். யாராச்சும் நீளமான சாமான் அனுப்பியிருந்தா எப்படி அனுப்புனீங்கன்னு சொல்லுங்க. மூணு போதுமான்னு கேட்டேன், ஏழுன்னுட்டா.